கடை அடைத்த பின் கண்ணயர்வது எப்படி?

வணிகர்களின் நாள் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று சொன்னால் மற்றத் தொழிலில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். பால் பாக்கெட் இறக்குவதற்கு விடியற்காலை நாலரைக்குக் கதவைத் திறக்க வேண்டும். காய்கறி வியாபாரி என்றால் இன்னும் முன்னதாக. 1996-ல் கொத்தவால்சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறிய சந்தையில் லாரிகள் வந்து நிற்பதே இரவில்தான். சில்லறைக் கடைக்காரர் நல்ல சரக்காகப் பொறுக்கி எடுக்க வேண்டுமானால் ஊர் உறங்கும் நேரத்தில் அங்கே நிற்க வேண்டும். இரவு பத்தரைக்கு ஷட்டரை இழுத்து விட்டாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. கல்லாவை எண்ணி, கடன் நோட்டைச் சரிபார்த்து, வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுத் தலை சாய்க்கும்போது மணி பன்னிரண்டு. ஆக உறங்கக் கிடைப்பது நாலு மணி நேரம்.

"எனக்கு அது போதுமுங்க, இருபது வருஷப் பழக்கம்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் நம்மில் அநேகர். உடம்பு உண்மையிலேயே அதற்குப் பழகிவிடுகிறதா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உறக்கம் என்றால் உடம்பும் மூளையும் கதவடைத்துவிட்டு ஓய்ந்து கிடப்பது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனிதத் தலையின் மேல் கம்பிகளைப் பொருத்தி மூளையில் எழும் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். இன்று இ.இ.ஜி. என்று நாம் சொல்லும் சோதனை அதுதான். பிறகு 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் நதானியேல் கிளைட்மனும் ஒரு விந்தையைக் கண்டு வெளியிட்டார்கள். உறங்குபவரின் மூடிய இமைகளுக்குள் கண்விழிகள் அவ்வப்போது வேகமாக ஓடுகின்றன. அந்நேரத்தில் எழுப்பிக் கேட்டால் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள். மூளை அலைகளோ விழித்திருப்பவருடையதைப் போலவே இருக்கின்றன. அப்படியானால் உறக்கம் ஒரே சீரானதல்ல என்பது புலனாயிற்று.

நாம் கண்ணயர்ந்ததும் முதலில் வருவது லேசான உறக்கம். ஒரு பாத்திரம் உருண்டாலும் விழித்துக்கொள்வோம். அதிலிருந்து படிப்படியாக ஆழ்ந்த உறக்கத்துக்கு இறங்குகிறோம். இதயத் துடிப்பும் மூச்சும் நிதானப்படுகின்றன, இரத்த அழுத்தம் இறங்குகிறது, வளர்ச்சிக்கும் திசுக்களைச் செப்பனிடுவதற்கும் வேண்டிய ஹார்மோன் சுரக்கிறது. பிறகு கனவு உறக்கம். இப்படி ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 90 நிமிடம் ஆகும். ஒரு முழு இரவில் நாலைந்து சுற்றுகள் நடைபெறுகின்றன. இதில் வணிகர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியில் வந்துவிடுகிறது. கனவு உறக்கம் பிற்பகுதியில்தான் நீளுகிறது. பன்னிரண்டுக்குப் படுத்து நாலுக்கு எழுகிறவர் ஆழ்ந்த உறக்கத்தில் பெரும்பங்கைப் பெற்றுவிடுகிறார். கனவு உறக்கத்தில் பெரும்பங்கை இழக்கிறார். கடை மூடிய பிறகு அன்றைய சரக்கை ஒழுங்காக அடுக்கி வைப்பது போல, பகலில் கற்றதையும் கேட்டதையும் மூளை பதிய வைக்கும் வேலை உறக்கத்தில்தான் நடக்கிறது. விலை மறந்து போகிறது, யாருக்குக் கடன் கொடுத்தோம் என்பது மறந்து போகிறது என்று குறைப்பட்டுக் கொள்பவர்கள் வல்லாரை வாங்கிச் சாப்பிடுவதற்கு முன் தங்கள் உறக்க நேரத்தைக் கணக்கெடுத்துப் பார்க்கலாம்.

இனி, உறக்கம் ஏன் வருகிறது? இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

முதலாவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. கடன் நோட்டில் பற்று ஏறுவது மாதிரிதான். உறங்கினால்தான் அந்தப் பற்று வரவாகிறது. காப்பி, டீயில் உள்ள காஃபீன் என்ன செய்கிறதென்றால், அந்த அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடங்களை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. கடன் தீரவில்லை, நோட்டு மட்டும் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே பெரும்பாலோர்க்கு ஐந்து மணி நேரம் அளவில் ஆகிறது. மாலை ஆறரைக்குக் கடைப் பையனை அனுப்பி வாங்கிக் குடித்த காப்பியில் பாதி, இரவு பதினொன்றரைக்கும் உள்ளே இருக்கிறது. அப்புறம் "படுத்தால் தூக்கம் வரவில்லை" என்றால் எப்படி வரும்?

இரண்டாவது, மூளைக்குள் இருக்கும் கடிகாரம். இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. பகல் வெளிச்சத்தை வைத்து நேரத்தைத் திருத்திக்கொண்டு, உடம்பு முழுவதற்கும் மணியடித்துச் சொல்வது இதுதான். இருட்டியதும் மெலட்டோனின் சுரக்கச் செய்து "இரவு வந்துவிட்டது" என்று அறிவிக்கிறது. இந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இதற்கெல்லாம் முன்பே, மேலே சொன்ன பேராசிரியர் கிளைட்மன் 1938-ல் ஒரு மாணவரை அழைத்துக்கொண்டு கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகைக்குள் இறங்கி 32 நாட்கள் தங்கினார். வெயிலே எட்டாத அந்த இடத்தில் 28 மணி நேரத்தை ஒரு நாளாக வைத்துக்கொண்டு வாழ்ந்து பார்ப்பது நோக்கம். இளைஞரான மாணவர் ஒருவாறு பழகிக்கொண்டார். பேராசிரியரின் உடம்போ கடைசி வரை 24 மணிக் கணக்கை விடவில்லை! நாற்பது வயதைத் தாண்டிய நம் மண்டிக்காரர்களுக்கு இந்தச் செய்தி சமர்ப்பணம்.

இந்தக் கடிகாரக் கணக்கின்படி உடல் வெப்பம் மிகத் தாழ்ந்து, உறக்கம் மிக அழுத்தும் நேரம் பின்னிரவு இரண்டு முதல் ஐந்து மணி வரை. நம்மவர்கள் மினி வேனை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதும் வருவதும் அதே நேரம்தான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிலரை உறங்கவிடாமல் விழித்திருக்கச் செய்து அவர்களுடைய கைக்கும் கண்ணுக்கும் உள்ள ஒத்திசைவை அளந்தார்கள். அதே ஆட்களுக்கு வேறொரு நாள் மது கொடுத்தும் அளந்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் திறன், இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லி கிராம் மது ஏறியவரின் திறனுக்குச் சமமாகக் குறைந்திருந்தது. நமது மோட்டார் வாகனச் சட்டத்தில் அனுமதிக்கப்பட்ட அளவே 30 மில்லி கிராம்தான். நாலரைக்கு எழுந்த கடைக்காரர் இரவு ஒன்பதரைக்கு 17 மணி நேரத்தை எட்டிவிடுகிறார். ஒரு சொட்டு குடிக்காமலே அவர் கல்லாவை எண்ணும்போது அந்த நிலையில் இருக்கிறார். கணக்கு உதைப்பதில் வியப்பென்ன? கல்லாவில் நூறு ரூபாய் உதைத்தால் நாளை பார்த்துக்கொள்ளலாம். வண்டி ஓட்டும்போது அப்படி முடியாது. கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் உறங்கிவிடுவதுண்டு. ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் நாலு நொடி என்றால், வண்டி ஓட்டுநரில்லாமல் 66 மீட்டர் ஓடிவிட்டது என்று பொருள்.

ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, வெற்றிலை போடுவது எதுவும் இதைத் தடுப்பதில்லை. கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ, கடந்த இரண்டு மைல் எப்படி வந்தோம் என்பது நினைவில்லாமல் போனாலோ, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி இருபது நிமிடம் கண்ணை மூடுவதே வழி. ஒரு டீ குடித்துவிட்டு உடனே படுத்தால் இன்னும் நல்லது. காஃபீன் வேலை செய்ய ஆரம்பிக்க இருபது, முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் உறக்கமும் ஒரு பங்கு கிடைத்துவிடும். காய்கறி சற்று வாடலாம், அவ்வளவுதான்.

"பழகிவிட்டது" என்பதற்கு வருவோம். 2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமானவர்களைத் தொடர்ந்து 14 நாட்கள் ஆய்வுக்கூடத்தில் வைத்து, ஒரு பிரிவினருக்கு நாலு மணி நேரம், இன்னொரு பிரிவினருக்கு ஆறு மணி நேரம், மூன்றாம் பிரிவினருக்கு எட்டு மணி நேரம் என்று படுக்கை நேரத்தை வரையறுத்தார்கள். நாலும் ஆறும் கிடைத்தவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போயிற்று. இரண்டு வாரம் கழிந்தபோது அது, ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், கொஞ்சம் களைப்புதான், பெரிதாக ஒன்றுமில்லை என்ற பாணியிலேயே பதில் சொன்னார்கள். குறைவு இருக்கிறது, குறைவு இருப்பது மட்டும் தெரியவில்லை. பழக்கம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான். உண்மையிலேயே குறைந்த உறக்கத்தில் நலமாக இருக்கும் பிறவிகளும் உண்டு, ஆனால் மிக மிகச் சிலர். வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பதே மருத்துவர்களின் பொதுவான கருத்து.

சர்க்கரை வியாதி நம் சமூகத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1999-ல் சிகாகோவில் 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நாலு மணி நேரம் மட்டுமே படுக்க விட்டுப் பார்த்தார்கள். அந்த ஆறு நாளிலேயே இரத்தச் சர்க்கரையைக் கையாளும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. நோயில்லாத இளவயதினருக்கே அப்படி என்றால், கல்லாவில் உட்கார்ந்தபடி பத்து மணி நேரம் கழிக்கும் நமக்கு?

குறட்டை சிரிப்பதற்கு அல்ல

உறக்கக் கோளாறுகளில் வணிகர்கள் முதலில் அறிய வேண்டியது இதுதான். உட்கார்ந்த வேலை, வேளை தவறிய சாப்பாடு, தொந்தி, தடித்த கழுத்து, இவையெல்லாம் சேரும் இடத்தில் இந்நோய் வருகிறது. ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். உறக்கத்தில் மூச்சு தடைப்படுவது.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. வழி குறுகினால் காற்று உரசிச் சத்தம் எழுகிறது, அது குறட்டை. வழி முழுவதும் அடைபட்டுவிட்டால் சத்தம் நின்றுவிடும், மூச்சும் நின்றுவிடும். பத்து நொடியோ, அரை நிமிடமோ, அதற்கு மேலோ. இரத்தத்தில் பிராண வாயு இறங்குகிறது, மூளை பதறி எழுப்புகிறது, பெரிய உறுமலோடு மூச்சு திரும்புகிறது. மறுபடி உறக்கம், மறுபடி அடைப்பு. மணிக்கு ஐந்து முறை இப்படி நடந்தாலே நோய் என்று கணக்கு. முப்பதுக்கு மேல் போனால் கடுமையானது. படுத்திருப்பவருக்கு இதில் ஒன்றும் நினைவிருப்பதில்லை. எட்டு மணி நேரம் உறங்கியதாகவே நினைக்கிறார். நோயைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருக்கும் வீட்டு அம்மாள்தான். "ஏங்க, ராத்திரி நடுவுல உங்களுக்கு மூச்சே நின்னு போகுதுங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று அவர்கள் சொன்னால் சிரித்து மழுப்பாமல் அதை அப்படியே டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். அதைவிட நல்ல சாட்சியம் அவருக்குக் கிடைக்காது.

வேறு அடையாளங்களும் உண்டு. காலையில் தலைவலியும் வாய் உலர்தலும், பகலில் வாடிக்கையாளர் இல்லாத ஐந்து நிமிடத்தில் கல்லாவிலேயே தலை சாய்வது, எத்தனை மாத்திரை மாற்றினாலும் இறங்காத இரத்த அழுத்தம். இரவில் நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுவதைச் சர்க்கரை என்றும் வயது என்றும் நாமே முடிவு செய்துகொள்கிறோம். அதற்கும் இந்த மூச்சுத் தடை காரணமாக இருக்கலாம். ஒல்லியானவர்களுக்கு வராது என்று எண்ண வேண்டாம். தாடை சிறுத்தும் உள்வாங்கியும் இருப்பவர்களுக்கும், உள்நாக்குச் சதை வீங்கியவர்களுக்கும் வரும். கவனியாமல் விட்டால் இரத்தக் கொதிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு, பக்கவாதம் என்று போகும்.

காது மூக்குத் தொண்டை மருத்துவரோ நுரையீரல் மருத்துவரோ பார்த்து, ஓர் இரவு உறங்கவிட்டு மூச்சு, பிராண வாயு, இதயத் துடிப்பு, மூளை அலை எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொல்வார்கள். வீட்டிலேயே கட்டிக்கொண்டு படுக்கும் சிறு கருவிகளும் இப்போது உள்ளன. சிகிச்சை என்னவென்றால், எடை குறைப்பது, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது, மதுவை விடுவது ஆகியவற்றிலேயே லேசான நோய் பலருக்கு அடங்கும். மற்றவர்களுக்கு சிபாப் என்ற கருவி. 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாக்டர் காலின் சல்லிவன் இதைக் கண்டுபிடித்தபோது, தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத் திருப்பிப் போட்டுத்தான் காற்றை ஊதச் செய்தாராம். மூக்கில் ஒரு மூடி, அதிலிருந்து ஒரு குழாய், மெல்லிய அழுத்தத்தில் வரும் காற்று தொண்டையை அடைபடாமல் தாங்கிப் பிடிக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, ஆக்ஸிஜன் வைக்கும் அளவுக்கு முற்றிவிட்டது என்று உறவினர்கள் கண்ணீர் விடுவதுண்டு. அது ஆக்ஸிஜன் அல்ல, அறையில் உள்ள அதே காற்றுதான்.

படுத்தும் வராத தூக்கம்

வாரத்தில் மூன்று இரவுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் வராமலோ நடுவில் கலைந்தோ போனால் அதை நாட்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். தொடங்குவதற்கு ஒரு காரணம் இருக்கும். செக் திரும்பியது, ஜி.எஸ்.டி. நோட்டீஸ், பெண்ணின் கல்யாணம். காரணம் தீர்ந்த பிறகும் தூக்கமின்மை தங்கிவிடுவதுதான் வேடிக்கை. படுக்கை என்றாலே புரள்வதற்கான இடம் என்று மூளை கற்றுக்கொண்டுவிடுகிறது. அதை மறக்கடிக்க வேண்டும். தூக்கம் கண்ணைச் சொருகும்போது மட்டும் படுக்கைக்குப் போவது; இருபது நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்காருவது; எப்போது உறங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றாதிருப்பது. கேட்பதற்கு எளிது, முதல் இரண்டு வாரம் கடினம், ஆனால் மாத்திரையைவிட நின்று பலன் தருவது இந்த முறைதான் என்று மருத்துவ சங்கங்கள் இதையே முதலில் பரிந்துரைக்கின்றன.

நமக்கென்றே செய்தது போல ஒரு சோதனையும் உண்டு. 2018-ல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களில் பாதிப் பேரை, மறுநாள் செய்ய வேண்டியவற்றை ஐந்து நிமிடம் எழுதிவிட்டுப் படுக்கச் சொன்னார்கள். மீதிப் பேரை, முடித்துவிட்ட வேலைகளை எழுதச் சொன்னார்கள். மறுநாள் வேலையை எழுதியவர்கள் விரைவில் உறங்கினார்கள். ஓர் இரவுச் சோதனைதான், பெரிதாக நம்பிவிட வேண்டியதில்லை. ஆனாலும் செலவில்லாதது. காலையில் எடுக்க வேண்டிய சரக்கு லிஸ்டைக் கடையிலேயே எழுதி மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். படுத்த பிறகு செல்போனில் மார்க்கெட் ரேட் பார்ப்பதை நிறுத்தலாம். புளி விலை விடிவதற்குள் ஓடிவிடாது.

தூக்க மாத்திரை விஷயத்தில் நம் சங்கத்து மருந்துக் கடை உறுப்பினர்களும் காது கொடுக்க வேண்டும். அல்பிரசோலம், டயஸெபாம், நைட்ரஸெபாம், சோல்பிடெம் ஆகியவை 2014 முதல் ஹெச் 1 அட்டவணையில் உள்ளவை. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது. டாக்டர், நோயாளி பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். தெரிந்தவர், பக்கத்துக் கடைக்காரர் என்று ஒரு அட்டை கிழித்துக் கொடுப்பது நட்பாகாது. மூச்சுத் தடை உள்ளவருக்கு இவற்றில் சில ஆபத்தாகவே முடியும். பல மாதம் சாப்பிட்டு வருபவர்களும் சட்டென்று நிறுத்திவிடக்கூடாது, டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மதுவும் இதே ரகம்தான். சீக்கிரம் உறங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும், தொண்டையை இன்னும் தளர்த்திக் குறட்டையைக் கூட்டும்.

மாலையில் உட்கார்ந்ததும் படுத்ததும் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போல இருந்து, அசைத்தால்தான் நிம்மதி என்ற தொல்லை சிலருக்கு உண்டு. நாள் முழுக்க நின்ற வலி என்று எண்ணித் தைலம் தேய்க்கிறார்கள். நின்ற வலி ஓய்ந்தால் தணியும். இது ஓய்ந்தால்தான் கூடும். இரும்புச் சத்துக் குறைவு இதற்கு ஒரு முக்கியக் காரணம், ஆகவே இரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்வார்கள். அமுக்குவான் பேய் பற்றியும் ஒரு வார்த்தை. கனவு உறக்கத்தில், கனவில் ஓடுவது போல நிஜத்திலும் எழுந்து ஓடிவிடாதபடி உடம்புத் தசைகளை மூளை கட்டிப் போடுகிறது. அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன் நினைவு மட்டும் திரும்பிவிட்டால், கண் தெரியும், கை கால் அசையாது, மார்பில் யாரோ உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். ஓரிரு நிமிடத்தில் தானே விலகும். உறக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வருவது. மந்திரிக்கச் செலவழிக்க வேண்டியதில்லை.

மதியம் கதவைப் பாதி சாத்திவிட்டுக் கட்டையைச் சாய்க்கும் வழக்கம் பல ஊர்க் கடைவீதிகளில் உண்டு. மதிய மந்தம் சாப்பாட்டினால் மட்டும் வருவதில்லை, அந்த மூளைக் கடிகாரத்திலேயே அந்நேரத்தில் ஓர் இறக்கம் இருக்கிறது. இருபது நிமிடம் நல்லது. ஒரு மணி நேரம் போனால் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவில் எழுந்து வெகுநேரம் தடுமாற வேண்டியிருக்கும். நாலு மணிக்கு மேல் உறங்கினால் இரவுக் கணக்கில் கை வைத்தது போலாகும்.

கடையிலேயே தங்கி வேலை செய்யும் பையன்களைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் மூளைக் கடிகாரம் இயற்கையாகவே தாமதமாக ஓடும். அவ்வயதில் இரவு சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் சீக்கிரம் விழிப்பும் வராது. உறக்கத் தேவையோ நம்மைவிட அதிகம். நாலரைக்கு எழுப்பினால் எழாதவனைச் சோம்பேறி என்று திட்டுகிறோம். 2019-ல் தமிழக அரசு, பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று ஆணையிட்டபோதே ஆளுக்கு எட்டு மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் விடுமுறை என்றும் சேர்த்தே சொல்லியிருந்தது. சிறு கடைகளில் அவ்வளவு ஆள் பலம் இல்லை என்பது உண்மை. ஆனாலும் இரண்டு பையன்கள் இருந்தால், இரவு ஷட்டரை இழுத்தவனையே விடியலில் பால் இறக்கச் சொல்லாமல் ஒருவன் அடைப்பது, மற்றவன் திறப்பது என்று பிரித்துக் கொடுத்து, வாரம் ஒரு முறைக்கு மேல் அதை மாற்றாமல் இருக்கலாம். அரிசி மூட்டைக்கு இடையில் படுப்பவனுக்கு ஒரு மின்விசிறியும் கொசுவலையும் வாங்கிக் கொடுத்தால், காலையில் எடை போடும் கை தடுமாறாது.